காட்டைப் படிப்பது எப்படி? வனவியல் கல்லூரிகளின் வரலாறு, வன்னியிலிருந்து ஓர் அறிமுகம்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் வளரும் பிள்ளைக்குக் காடு அந்நியமான இடமன்று. பாலை எப்போது பழுக்கும், வீட்டுக் கூரைக்கு முதிரை எடுப்பதா வீரை எடுப்பதா, வேலிக்கு எந்தக் கதியால் விரைவாகத் தழைக்கும் என்பவற்றையெல்லாம் அது பெரியவர்களோடு போய்வந்தே தெரிந்துகொள்கிறது. ஆகவே, காட்டைப் பற்றிக் கற்பிப்பதற்கென்றே உலகெங்கும் கல்லூரிகள் இருக்கின்றன, அவற்றுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு என்று சொன்னால், அங்கே புதிதாக என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஒருவர் கேட்பது நியாயமே.

அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். வனவியல் கல்வியின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு ஒரு விடயம் மீண்டும் மீண்டும் தெளிவாகத் தெரிகிறது. கல்லூரி காட்டின் பக்கத்தில் இருந்து, அந்தக் காட்டையே முதற்பாடமாக வைத்துக்கொண்ட காலங்களில் இக்கல்வி உயர்ந்தது. ஒரு நாட்டுக் காட்டின் பாடத்தை இன்னொரு நாட்டுக் காட்டின்மீது அப்படியே சுமத்திய இடங்களிலும், காட்டோரத்தில் வாழும் மக்களைக் கணக்கில் எடுக்காத இடங்களிலும் அது தவறியது. வன்னிக்கு இந்த வரலாறு ஏன் முக்கியம் என்பதும் இதிலிருந்தே புரியும்.

மரம் அறிதலும் காடு பேணுதலும்

எந்த மரம் எதற்கு உதவும் என்று அறிவது ஓர் அறிவு. இந்த ஆண்டு எத்தனை மரம் தறித்தால், ஐம்பது ஆண்டு கழித்தும் அதே அளவு மரம் தறிக்கக்கூடியதாகக் காடு நிற்கும் என்று கணிப்பது வேறோர் அறிவு. வனவியல் என்பது இந்த இரண்டாவது அறிவைச் சுற்றியே வளர்ந்தது. மண், மழை, விதை, நாற்று, பூச்சி, தீ, விலங்கு, சட்டம், சந்தை என அது தொடாத துறை இல்லை என்றாலும், அவை யாவும் இந்த ஒரு கணிப்புக்குத் துணைநிற்பவை.

இக்கணிப்புக்கு ஏன் ஒரு பள்ளி தேவைப்பட்டது என்பதற்கு எளிய காரணம் உண்டு. நெல் விதைத்தவர் நான்கு மாதத்தில் தன் பிழையைக் கண்டு அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். தேக்கு நட்டவர் தான் நட்டது சரியா பிழையா என்பதைப் பார்க்கும் முன்பே பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிடுவார். ஒருவர் நட, இன்னொருவர் பராமரிக்க, மூன்றாமவர் தறிக்கும் தொழிலில், முன்னவர் செய்ததைப் பின்னவர் அறியும்படி அளந்தும் எழுதியும் வைப்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு முறை வேண்டும். அந்தப் பொது முறையைக் கற்பிக்கவே வனவியல் பள்ளிகள் தோன்றின.

சுரங்கத்திலிருந்து பிறந்த கல்வி

இக்கல்வியின் தொட்டில் இன்றைய ஜேர்மனி. அங்கே சக்சனி நாட்டின் பிரைபேர்க் நகரில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கக் கூரை இடிந்து விழாமல் முட்டுக்கொடுக்க மரம் வேண்டும். தாதை உருக்கக் கரி வேண்டும். சுரங்கம் வளர வளரச் சுற்றியிருந்த காடு சுருங்கியது. அங்கே சுரங்க நிருவாகத்தில் உயர்பதவி வகித்த ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ் என்பவர், வெட்டும் அளவு வளரும் அளவை மிஞ்சக்கூடாது, வெட்டிய இடத்தில் மீண்டும் விதைத்தும் நட்டும் காட்டை உண்டாக்க வேண்டும் என்று வற்புறுத்தி 1713-இல் ஒரு நூலை வெளியிட்டார். இன்று எல்லோரும் பேசும் நிலைபேறான பயன்பாடு என்ற எண்ணத்தைத் தெளிவாக எழுத்தில் வைத்த முன்னோடி நூலாக அது கருதப்படுகிறது. அதை எழுதியவர் காட்டு உத்தியோகத்தர் அல்லர், சுரங்க உத்தியோகத்தர் என்பது கவனிக்கத்தக்கது. காடு குறைந்தபோது அதன் பாதிப்பை முதலில் உணர்ந்தவர்கள் அதை நம்பித் தொழில் நடத்தியவர்களே.

அக்காலத்தில் காடுகளைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் அரசர்களின் வேட்டைப் பரிவாரத்தினர். இளைஞன் ஒருவன் தேர்ந்த வேட்டைக்காரரிடம் சில ஆண்டுகள் பணிசெய்து தொழில் பழகுவான். மானைப் பற்றியும் நாயைப் பற்றியும் அவன் அறிந்த அளவுக்கு மரத்தின் வளர்ச்சியைப் பற்றி அறிந்திருக்க மாட்டான். 1760-களில் ஹார்ஸ் மலைப்பகுதியில் ஹான்ஸ் டீட்ரிக் ஃபொன் சாந்தியர் என்ற வன அதிகாரி மாணவர்களைச் சேர்த்து முறையாகக் கற்பிக்கத் தொடங்கினார். அவரைப் போன்ற தேர்ந்த ஆசான்கள் நடத்திய சிறு பள்ளிகள் பின்னர் ஆங்காங்கே எழுந்தன. இவற்றில் ஆசிரியரே வன அதிகாரி. அவருடைய பொறுப்பில் இருந்த காடே வகுப்பறை.

இந்த ஆசான்களில் இருவரை மறக்கக்கூடாது. கெயோர்க் லுட்விக் ஹார்ட்டிக் 1789-இல் ஹுங்கன் என்ற ஊரில் தன் பள்ளியைத் தொடங்கினார். ஹைன்றிக் கொட்டா, தான் பிறந்து வளர்ந்த சில்பாக் பகுதியில் மாணவர்களைக் கற்பித்துவிட்டு, 1811-இல் சக்சனியின் தாரண்ட் என்ற சிற்றூருக்குப் பள்ளியைக் கொண்டுவந்தார். அது 1816-இல் அரச வனவியல் உயர்கல்லூரியாயிற்று. இன்று டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக அதே ஊரில் இயங்குகிறது.

இவர்கள் கற்பித்த கணக்கின் அடிப்படையை எளிய எண்களால் விளக்கலாம். ஆயிரம் ஏக்கர் காடு இருக்கிறது, அதில் உள்ள மரம் முதிர ஐம்பது ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வோம். காட்டை ஐம்பது கூறுகளாகப் பிரித்தால் ஒரு கூறு 20 ஏக்கர். ஆண்டுக்கு ஒரு கூறை மட்டும் வெட்டி, உடனே மறுபடி நட்டுவந்தால், ஐம்பதாவது கூறை வெட்டி முடித்த மறு ஆண்டில் முதலாவது கூறு மீண்டும் முதிர்ந்து நிற்கும். காடு ஒருபோதும் தீராது. ஆனால் நிலம் தாளில் வரைந்த கட்டம்போல ஒரே சீராக இருப்பதில்லை. குளத்தின் அலைகரையை அண்டிய ஈரமண்ணில் நிற்கும் 20 ஏக்கரும், மேட்டுநிலத்துச் சரளை மண்ணில் நிற்கும் 20 ஏக்கரும் ஒரே அளவு மரம் தரமாட்டா. ஆகவே பரப்பளவை மட்டும் பார்க்காமல், நிற்கும் மரத்தின் கனவளவையும் ஆண்டுதோறும் அது கூடும் அளவையும் அளக்க வேண்டியிருந்தது. ஹார்ட்டிக் கனவளவைக் கொண்டு கணக்கிடும் வழியை வளர்த்தார்; கொட்டா பரப்பளவை முதன்மையாகக் கொண்டு திட்டமிட்டார். மரத்தின் சுற்றளவையும் உயரத்தையும் அளப்பது, ஆண்டு வளையங்களை எண்ணுவது, இன்ன மண்ணில் இன்ன வயதில் இவ்வளவு மரம் நிற்கும் என்று அட்டவணை தயாரிப்பது ஆகியவை இந்தத் தேவையிலிருந்து வளர்ந்த பாடங்களே.

நோய் இல்லாவிட்டால் வைத்தியர் இருக்கமாட்டார், மரத்தட்டுப்பாடு இல்லாவிட்டால் வனவியலும் இராது என்ற கருத்தைக் கொட்டா எழுதிவைத்திருக்கிறார். தன் துறையின் பெருமையை அளவுக்கு மீறிப் பேசாமல், அது ஓர் இழப்பிலிருந்து பிறந்தது என்பதை ஒப்புக்கொள்ளும் இந்தத் தெளிவு பாராட்டத்தக்கது. அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்கு நடப்பட்ட எண்பது ஓக் மரங்களின் நடுவே, தாரண்டில் அவரை அடக்கம் செய்தார்கள்.

பல்கலைக்கழக வகுப்பறையா, காட்டோரப் பள்ளியா என்ற விவாதமும் அப்போதே எழுந்தது. பிரசிய அரசு 1821-இல் பேர்லின் தலைநகரில் வனவியல் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. அதன் தலைவராக இருந்த வில்ஹெல்ம் பைல், காட்டிலிருந்து இவ்வளவு தூரத்தில் வைத்து இதைக் கற்பிக்க முடியாது என்று கருதினார். 1830-இல் கல்லூரி காடுகள் சூழ்ந்த எபர்ஸ்வால்ட் நகருக்குப் போயிற்று. எப்படி வளர்க்க வேண்டும் என்பதை மரங்களிடமே கேளுங்கள், புத்தகங்களைவிட அவை நன்றாகச் சொல்லித்தரும் என்பது அவர் மாணவர்களுக்குச் சொன்னதாக இன்றும் நினைவுகூரப்படுகிறது.

ஜேர்மனியில் கற்றவர்களின் வழியாக இக்கல்வி அயல்நாடுகளுக்குப் பரவியது. பிரான்ஸ் 1824-இல் நான்சி நகரில் தன் வனவியல் கல்லூரியை நிறுவியது. அதன் முதல் தலைவர் பேர்னார்ட் லொறென்ட்ஸ் ஹார்ட்டிக்குடன் நெருங்கிப் பழகியவர். அவருக்குப் பின் வந்த அடோல்ப் பராட் தாரண்டில் கொட்டாவிடம் படித்தவர். ரசியா 1803-லேயே தன் பள்ளியைத் தொடங்கியிருந்தது. சுவீடன், ஸ்பெயின், இத்தாலி என்று மற்றைய நாடுகளும் 19-ஆம் நூற்றாண்டுக்குள் சேர்ந்துகொண்டன.

ஜேர்மனியப் பாடத்தின் தவறு

இந்தக் கல்வி தவறே செய்யவில்லை என்று சொல்வது வாசகருக்குச் செய்யும் துரோகமாகும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாரண்டின் பேராசிரியர் மக்ஸ் பிறெஸ்லர் போன்றோர், காட்டு நிலத்தையும் வட்டி ஈட்டும் முதலீடாகக் கருதிக் கணக்கிட வேண்டும் என்று வாதிட்டார்கள். அந்தக் கணக்குப்படி விரைவாக வளர்ந்து விரைவாகப் பணம் தரும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரமே இலாபமானது. பல வகை மரங்கள் கலந்து நின்ற பழைய காடுகளின் இடத்தில், ஒரே வயதில் ஒரே இன மரங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. முதற்தலைமுறை மரங்கள் செழிப்பாக வந்தன. பின்னர் புயலில் பெரும்பரப்புகள் ஒன்றாகச் சாய்ந்தன, பட்டை துளைக்கும் வண்டுகள் பெருகின, மண்ணும் பல இடங்களில் களைத்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தின் கார்ல் கையர் 1880-களில், கலப்புக் காட்டுக்குத் திரும்புங்கள் என்று உரத்துக் குரல்கொடுத்தார். நூறு ஆண்டு வளரும் பயிரில் நேர்ந்த பிழை தெரியவருவதற்கும் பல பத்தாண்டுகள் ஆகின்றன என்பதால், அந்தத் திருத்தம் இன்றுவரை ஐரோப்பாவில் முடியவில்லை.

நான்கு கோல்களும் ஒரு பேனாக்கத்தியும்

நம் பக்கத்துக்கு இக்கல்வி வந்தது பர்மாவின் தேக்குக் காடுகள் வழியாக. பிரித்தானியாவுக்கு அப்போது சொந்தமாக வனவியல் கல்லூரி இருக்கவில்லை. நிலக்கரியும் இறக்குமதி மரமும் கிடைத்ததால் அந்நாட்டுக்கு அத்தகைய கல்லூரியின் தேவை உறைக்கவில்லை. கப்பலுக்கும் இருப்புப்பாதைக்கும் தேக்கு வேண்டியிருந்த வேளையில், ஜேர்மனியின் பொன் (Bonn) நகரத்துத் தாவரவியலாளர் டீட்ரிக் பிராண்டிஸ் 1856-இல் பர்மாவின் பெகு காடுகளின் பொறுப்பை ஏற்றார்.

முடிவில்லாமல் விரியும் காட்டில் எத்தனை தேக்கு நிற்கிறது என்று கண்டறிய அவர் கையாண்ட வழி மிகச் சுலபமானது. யானைமீது ஏறி, தேர்ந்தெடுத்த பாதை வழியாகப் போவார். இடது கையில் நான்கு கோல்கள். ஒவ்வொரு கோலும் ஒவ்வொரு சுற்றளவு வகுப்புக்கு உரியது. வலது கையில் பேனாக்கத்தி. பாதையை ஒட்டித் தென்படும் ஒவ்வொரு தேக்குக்கும் அதன் பருமனுக்குரிய கோலில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணினால், அந்தப் பாதையோரம் எத்தனை பெரிய மரம், எத்தனை நடுத்தர மரம், எத்தனை இளமரம் என்று தெரிந்துவிடும். அதைக் கொண்டு முழுக் காட்டையும் மதிப்பிட்டு, நடுத்தர மரம் பெரிய மரமாக எத்தனை ஆண்டு ஆகும் என்பதையும் கணித்து, ஆண்டுக்கு இவ்வளவுதான் தறிக்கலாம் என்று வரம்பு வைத்தார். இன்று மாதிரிக் கணக்கெடுப்பு என்று பாடநூல்கள் பல பக்கங்களில் விளக்குவதன் உயிர்நாடி அந்த நான்கு கோல்களில் இருக்கிறது.

1864-இல் இந்தியாவின் முதல் வனத் தலைமைக் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்ட பிராண்டிஸ், பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாமல் திணைக்களம் நடவாது என்பதை உணர்ந்தார். 1860-களின் பிற்பகுதியிலிருந்து உயர் உத்தியோகத்துக்குத் தெரிவான இளைஞர்கள் நான்சிக்கும் ஜேர்மனிக்கும் படிக்க அனுப்பப்பட்டார்கள். ஆனால் ஐரோப்பியக் காட்டில் கற்றவர் சால் மரத்தையும் மூங்கிலையும் எப்படி அறிவார்? களத்தில் நிற்கும் உத்தியோகத்தரை உள்நாட்டிலேயே பயிற்ற, 1878-இல் இமயமலை அடிவாரத்திலுள்ள டேராடூனில் வனப் பள்ளி தொடங்கப்பட்டது. கப்டன் பெய்லி அதன் முதல் தலைவர். சுற்றியுள்ள காடுகள் பயிற்சிக்காகவே பள்ளியோடு இணைக்கப்பட்டன. ஆங்கிலத்தில் ஒரு வகுப்பும், அதற்குக் கீழ்நிலை உத்தியோகத்தருக்கு இந்துஸ்தானி மொழியில் ஒரு வகுப்பும் நடந்தன. காட்டுக்குள் நடந்து திரியப்போகிறவர் தன் மொழியிலேயே இதைக் கற்கலாம் என்ற எண்ணம் அப்போதே அங்கே இருந்தது. 1906-இல் அதே ஊரில் வன ஆராய்ச்சி நிறுவனமும் எழுந்தது.

தமிழ் நிலத்தில் இக்கல்வி வேரூன்றியது 1912-இல், சென்னை மாகாண அரசு கோயம்புத்தூரில் வனக் கல்லூரியை நிறுவியபோது. தென்னிந்தியக் காடுகளின் சரக அதிகாரிகள் பலர் அங்கே உருவானார்கள். இன்று மேட்டுப்பாளையத்திலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி நடக்கிறது.

இங்கிலாந்தோ 1885-இல்தான் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியில், பிராண்டிஸுக்குப் பின் அவர் பதவியை வகித்த வில்லியம் ஷ்லிக்கின் பொறுப்பில், இந்தியப் பணிக்கான வனவியல் பிரிவைத் தொடங்கியது. 1905-இல் அது ஒக்ஸ்போர்டுக்கு மாறியது. அங்கே படித்தவர்களும் செயல்முறைப் பயிற்சிக்கு ஐரோப்பியக் கண்டத்தின் காடுகளுக்கே போகவேண்டியிருந்தது. அமெரிக்காவிலும் இதே கைகளின் தொடர்ச்சியைக் காணலாம். அந்நாட்டின் வனச்சேவையை உருவாக்கிய கிஃபோர்ட் பின்ஷோ இளைஞராக பிராண்டிஸிடம் ஆலோசனை பெற்று நான்சியில் படித்தவர். 1898-இல் கோர்னெல் பல்கலைக்கழகத்திலும் பில்ட்மோர் தோட்டத்திலும் தொடங்கிய பள்ளிகளின் தலைவர்களான பெர்னோவும் ஷெங்கும் ஜேர்மனியரே. 1900-இல் பின்ஷோ குடும்பத்தின் நன்கொடையால் யேல் பல்கலைக்கழகத்தின் வனவியல் பள்ளி பிறந்தது.

சட்டப் புத்தகத்தோடு வந்த பாடப்புத்தகம்

ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். நான்சிக் கல்லூரி 1824, பிரெஞ்சு வனச் சட்டத் தொகுப்பு 1827. டேராடூன் பள்ளி 1878, இந்திய வனச் சட்டமும் 1878. வனவியல் கல்வியும் வனச் சட்டமும் சேர்ந்தே வந்தன. அதனால், கல்லூரியில் படித்தவர் காட்டின் மருத்துவராக மட்டுமன்றிக் காட்டின் காவலராகவும் ஊருக்குள் வந்தார். ஆடு மேய்த்தவரும் விறகு பொறுக்கியவரும் ஒரே நாளில் குற்றவாளிகளானார்கள். பிரான்சின் அரியேஜ் மலைப்பகுதியில் 1829 முதல் விவசாயிகள் முகத்தில் கரி பூசி, பெண்களின் உடைபோல வெள்ளைச் சட்டைகளை நீளமாக அணிந்து, வனக் காவலர்களை விரட்டினார்கள். அவர்களும் காட்டை அறிந்தவர்களே. அவர்களின் அறிவு பாடத்திட்டத்தில் இல்லை என்பதுதான் குறை.

இந்தக் குறையை உலக வனவியல் துறை வெளிப்படையாக ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் சென்றது. 1978-இல் ஜகார்த்தாவில் நடந்த உலக வனவியல் மாநாடு மக்களுக்கான காடுகள் என்பதைத் தன் கருப்பொருளாக வைத்தது. அதையடுத்த ஆண்டுகளில் சமூக வனவியல் பல நாட்டுக் கல்லூரிகளில் பாடமாயிற்று. மரத்தை அளக்கக் கற்றவர் கிராமத்தாரோடு உட்கார்ந்து பேசவும் கற்கவேண்டும் என்றாயிற்று. என் மதிப்பீட்டில், கார்லோவிட்ஸுக்குப் பிறகு இத்துறையில் நிகழ்ந்த மிகப் பெரிய மாற்றம் இதுவே.

இலங்கையும் வன்னியும்

இலங்கையில் சட்டம் முதலில் வந்தது. கல்லூரி நெடுங்காலம் வரவில்லை. சென்னை மாகாண வனப் பணியிலிருந்து வரவழைக்கப்பட்ட வின்சென்ட் என்ற அதிகாரி 1882-இல் இலங்கையின் முடிக்குரிய காடுகள் பற்றி அறிக்கை கொடுத்தார். 1885-ஆம் ஆண்டின் 10-ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டமும், 1887-இல் வனத் திணைக்களமும் தொடர்ந்து வந்தன. 1907-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உயர் உத்தியோகத்தர்கள் டேராடூனிலும் ஒக்ஸ்போர்டிலும் படித்து வந்தார்கள். பின்னாளில் களப் பயிற்சிக்கு நுவரெலியாவில் இலங்கை வனவியல் நிறுவகமும், பட்டப்படிப்புக்கு ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் வனவியல், சுற்றாடல் விஞ்ஞானத் துறையும் உருவாயின.

ஆனால் நுவரெலியாவின் குளிர்மலையும் வன்னியின் வறண்ட சமவெளியும் ஒரே பாடத்துக்குள் அடங்கமாட்டா. இங்கே மழை பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டித் தீர்க்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் நிலம் காய்ந்து வெடிக்கிறது. அதைத் தாங்கிப் பழகிய பாலை, வீரை, முதிரை, கருங்காலி போன்றவை மெதுவாகவே பருக்கின்றன. ஆற்றோரத்து மருதும் ஊரோரத்து இலுப்பையும் வேறு விதம்.

ஜேர்மனியப் பாடம் இங்கே எங்கே தடுமாறும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. குளிர்நாட்டு மரம் கோடையில் வளர்ந்து பனிக்காலத்தில் வளர்ச்சியை நிறுத்துவதால், அடிமரத்தை அரிந்தால் ஆண்டுக்கு ஒரு வளையம் தெளிவாகத் தெரியும். தேக்கும் வறட்சியில் இலையுதிர்த்து ஓய்வெடுப்பதால் அதன் வளையங்களை எண்ணலாம். மரத்தின் வயதை அறிந்தால்தான் வளர்ச்சியை அறியலாம், வளர்ச்சியை அறிந்தால்தான் தறிக்கும் அளவை அறியலாம் என்று கற்றவர்களுக்குத் தேக்கு ஏன் இவ்வளவு பிடித்துப்போயிற்று என்பதற்கு, விலைக்கு அப்பால், இதுவும் ஒரு காரணமாக எனக்குப் படுகிறது. எப்போதும் பச்சையாக நிற்கும் பாலையில் அப்படித் தெளிவான ஆண்டு வளையம் அமைவதில்லை. அதன் வளர்ச்சியை அறிய ஒரே நம்பகமான வழி, குறித்துவைத்த மரத்துக்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பிப் போய், அதே உயரத்தில் சுற்றளவை மறுபடி அளப்பதுதான். வன்னியின் பெருமரத்தைப் பற்றிய அறிவு, இங்கேயே பல பத்தாண்டுகள் பொறுமையாக அளப்பவர்களால் மட்டுமே உருவாகும்.

வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் காணும் தேக்கங்காடுகளுக்கும் இந்த வரலாற்றோடு தொடர்பு உண்டு. சேனை, அதாவது காட்டை வெட்டி எரித்து இடம் மாற்றிப் பயிரிடுதல், செய்பவருக்கு ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்து, இரண்டு மூன்று ஆண்டு மேட்டுப்பயிர் செய்துகொள்ள விட்டு, அதற்கு ஈடாகப் பயிருக்கிடையே தேக்கங்கன்றுகளை நட்டுப் பராமரிக்கச் சொல்லும் முறை பிராண்டிஸ் காலத்துப் பர்மாவில் உருவானது. தவுங்யா எனப்படும் அம்முறையை இலங்கையின் உலர்வலயத்திலும் கையாண்டார்கள். விவசாயியின் உழைப்பில் காடு எழுந்தது. காடு எழுந்ததும் அவர் அடுத்த துண்டுக்கு நகரவேண்டும். தேக்கந்தோட்டம் நாட்டுக்கு மரம் தருகிறது என்பதில் ஐயமில்லை. எனினும், பல இன மரங்களும் செடிகொடிகளும் அடுக்கடுக்காக நிற்கும் கலப்புக் காட்டின் வேலையை அது செய்யாது. கனகராயன் ஆற்றின் கரையெங்கும் நிற்கும் காடு அழிந்தால், மழைநீரோடு மண்ணும் அள்ளுண்டு, அந்த ஆறு நிரப்பும் இரணைமடுக் குளத்தில் படியும். வன்னியில் காட்டுப் பாடமும் குளத்துப் பாடமும் பிரிக்க முடியாதவை. இயற்கைக் காடுகளில் மரந்தறிப்பு 1990-இல் நிறுத்தப்பட்டு, 1995-இன் தேசிய வனக் கொள்கை பாதுகாப்பை முன்வைத்த பிறகு, இந்தப் பாடத்தின் முக்கியத்துவம் கூடியிருக்கிறது.

போருக்குப் பிந்திய வன்னிக்கென்று இன்னொரு பாடமும் உண்டு. மக்கள் இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் கிடந்த வயல்களும் வளவுகளும் புதர் மண்டி, மரம் எழுந்து, வானிலிருந்து எடுத்த படத்தில் காடாகவே தெரிகின்றன. திரும்பி வந்தவர் தன் காணியில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் நாட்டப்பட்டிருப்பதைக் கண்டு திகைத்த கதைகளை இப்பகுதியில் எவரும் சொல்வார்கள். நல்ல வனவியலாளர் ஒருவர் அத்தகைய இடத்துக்குள் நடந்து சென்றால், அது ஆதிக்காடா, முன்பு ஊராக இருந்த இடமா என்பதை நிலத்திலிருந்தே வாசித்துவிடலாம். தூர்ந்த கிணறு, வரம்பின் மேடு, வரிசையாக நிற்கும் பூவரசு, நடுவே ஒரு புளியும் மாவும், ஏறத்தாழ ஒரே வயதில் எழுந்த மெல்லிய மரங்கள் ஆகியவை மனிதர் வாழ்ந்த அடையாளங்கள். முதிர்ந்த பாலையும் வீரையும் பல வயதில் கலந்து நிற்கும் இடம் வேறு கதை சொல்லும். இந்த வாசிப்பைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது காட்டுக்கும் நல்லது, அதன் ஓரத்து மக்களுக்கும் நல்லது. காணியை இழந்தவருக்குக் காட்டைக் காக்கும் விருப்பம் எங்கிருந்து வரும்?

படிக்க விரும்பும் மாணவருக்கு

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் வன்னி மாணவருக்கு இத்துறைக்குள் நுழையும் வழிகள் இன்று அருகிலேயே இருக்கின்றன. 2021-இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் கற்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. வனவியலையே முழுமையாகக் கற்க விரும்புவோர் ஸ்ரீ ஜயவர்தனபுரத்தை நாடவேண்டும். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உலர்வலயக் காட்டுக்கென ஒரு கற்கைநெறி, பயிற்சிக்கென ஒதுக்கிய ஒரு காட்டோடும், களத்தில் நிற்பவர்களுக்குத் தமிழிலேயே நடக்கும் ஒரு வகுப்போடும் அமையவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டேராடூன் 19-ஆம் நூற்றாண்டிலேயே செய்ததைத்தான் நாம் கேட்கிறோம்.

அதுவரை காத்திருக்காமல் பாடசாலை விஞ்ஞானக் கழகங்களே தொடங்கக்கூடிய வேலை உண்டு. பாடசாலை வளவிலோ கோயில் வளவிலோ நிற்கும் ஒரு பாலையைத் தெரிவுசெய்து, நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் வர்ணத்தால் ஒரு கோடு இடுங்கள். வனவியலார் பல நாடுகளில் நெஞ்சுயரம் என்று கொள்ளும் அளவு அதுவே. அந்தக் கோட்டில் அளவு நாடாவைத் தளராமல் சுற்றி, சுற்றளவை மில்லிமீற்றரில் குறியுங்கள். உயரத்துக்கு ஒரு நேரான தடி போதும். கையை முன்னே நீட்டி, கண்ணிலிருந்து பிடிக்கு உள்ள தூரமும் பிடிக்கு மேலே உள்ள தடியின் நீளமும் ஒன்றாக இருக்கும்படி தடியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். மரத்தின் அடி பிடியோடும் நுனி தடியின் நுனியோடும் பொருந்தும் வரை பின்னால் நடந்து, அங்கிருந்து மரத்தடிவரை உள்ள தூரத்தை அளந்தால் அதுவே ஏறத்தாழ மரத்தின் உயரம். திகதி, அளந்தவர் பெயர், அந்த ஆண்டின் மழை ஆகியவற்றைச் சேர்த்துப் பாடசாலையின் பதிவேட்டில் எழுதி, ஒவ்வோர் ஆண்டும் மாரி தொடங்குமுன் ஒரே மாதத்தில் மறுபடி அளக்க வேண்டும். மழைக்காலத்தில் பட்டை ஈரத்தால் சற்று உப்பிச் சுற்றளவைக் கூட்டிக் காட்டும் என்பதால் மாதத்தை மாற்றக்கூடாது.